ஒரு குறையும் இல்லாத வண்டி

ஏரியூரில் பச்சியப்பன் வீட்டு வாசலில் நிற்கும் ஜீப் தொண்ணூற்றேழாம் வருடத்தது. கூட்டுறவுச் சங்கத்தில் செக்ரட்டரியாக இருந்த காலத்தில் அவர் அதைச் செகண்ட் ஹேண்டாக வாங்கி இருபத்தாறு வருடம் ஆகிறது. ஓய்வு பெற்று மூன்று வருடமாகியும் ஊரில் அவருக்கு செக்ரட்டரி என்றுதான் பெயர். அந்தச் சுற்று வட்டாரத்தில் இன்னும் நாலைந்து ஜீப்புகள் ஓடினாலும் 'ஜீப்பு' என்றால் அவருடையதைத்தான் சொல்வார்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மூன்று மாவட்டத்திலும் இந்தப் பழைய வண்டிகளை வைத்திருப்பவர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குரூப் நடத்துகிறார்கள். பெயர் மலைவண்டி நண்பர்கள். உறுப்பினர் நூற்றெண்பது பேர். வாரத்துக்கு ஒருவராவது புதிதாக வந்து ஒரே கேள்வியைக் கேட்பார். பழைய ஜீப் வாங்கலாமா, நம்பி மலை ஏறலாமா என்று. உடனே ஆளாளுக்குத் தன் வண்டியைத் தூக்கிப் பிடிப்பார்கள். ஒருவர், தன் வண்டி தொப்பூர் கணவாயில் ஒரே ஒரு தடவை நின்றது, அதுவும் டீசல் தீர்ந்ததால் என்பார். இன்னொருவர், நம்ம வண்டி எங்கேயும் நிக்காது, நாமாக நிறுத்தினால்தான் மறுபடி கிளம்பாது என்று எழுதிச் சிரிப்புப் பொம்மை போடுவார்.

பச்சியப்பன் அப்படி எழுத மாட்டார். சங்கத்துக்கு மேலதிகாரிகள் வந்தபோது எழுதிய குறிப்பு மாதிரி வரிசையாக எழுதுவார். முதலில் எஞ்சின், பிறகு சேஸிஸ், பிறகு ஸ்டியரிங், பிறகு குளிர்காலத்தில் ஸ்டார்ட் ஆகும் விதம். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: 'இருபத்தாறு வருட அனுபவம். ஒரு குறையும் இல்லை. எழுதியே கொடுக்கிறேன்.' குரூப்பை நடத்துகிறவர் அந்தச் செய்தியை எல்லோருக்கும் முதலில் தெரிகிற மாதிரி உச்சியில் குத்தி வைத்திருந்தார். புதிதாக வருபவனிடம், மேலே செக்ரட்டரி எழுதியிருப்பதைப் படித்துவிட்டுப் பேசு என்பார்கள்.

எழுதாத ஒன்று இருந்தது.

இந்த வண்டிகளில் கியர்க் கம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டிக் கம்பி உண்டு. மலை இறங்கும்போது அதை 'லோ'வில் போட்டுவிட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்து மெல்ல இறக்கும். பிரேக்கை எப்போதாவது தொட்டால் போதும். ஆனால் வயதான வண்டிகளில் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்துவிடும். சரிவில் வண்டி குலுங்கும்போது குட்டிக் கம்பி தானாக நழுவி நடுவில், நியூட்ரலில், வந்து நிற்கும். அப்புறம் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. பிரேக் ஒன்றுதான் மிச்சம்.

பச்சியப்பனின் வண்டியில் இது ஆரம்பித்துப் பதினைந்து வருடம் இருக்கும். இறக்கம் வந்ததும் அவருடைய இடது முழங்கால் தானாகப் போய் அந்தக் கம்பிக்கு முட்டுக் கொடுக்கும். மேடு வந்தால் விலகிக்கொள்ளும். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொள்வது போல அது ஒரு பழக்கம். போன பொங்கலுக்குக் குரூப்பில் பத்து வண்டிகள் சேர்ந்து ஒகேனக்கல் பக்கம் போனபோது கவனித்தார். ஒருவர் கம்பியைக் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தார், இன்னொருவர் பழைய செருப்பை மடித்துச் சொருகியிருந்தார். யாரும் யாரிடமும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வண்டியைப் பிரித்து ஸ்பிரிங் மாற்றினால் இரண்டு நாள் வேலை. ஆனால் மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அது 'கம்ப்ளெயிண்ட்' என்று ஆகிவிடும். பழக்கமாக இருக்கிறவரைக்கும் அது குறை இல்லை.

மே மாதத்தில் அமல்தாஸ் என்ற பையன் குரூப்பில் சேர்ந்தான். பென்னாகரத்துக்காரன், வயது முப்பது, சரக்கு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன். பாறைக்கொம்பு என்ற மலையூருக்குப் பதினொரு கிலோமீட்டர் மண் பாதை, அதில் ஜீப் மட்டும்தான் ஏறும். அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஆனியில் வீட்டுக்கு ஒருவர் கூடி உட்கார்ந்து ஒரே ஒரு வண்டியை 'ஊர் வண்டி' என்று பேசி முடிப்பார்கள். தக்காளி, புளி, ரேஷன் அரிசி, ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆள், எல்லாம் வருடம் முழுக்க அந்த வண்டியில்தான். வேறு வண்டியில் ஒரு கூடை ஏற்ற மாட்டார்கள். அமல்தாஸ் அந்த ஊர் வண்டியை ஓட்ட ஆசைப்பட்டான். கம்பைநல்லூரில் ஒரு ஜீப் விலைக்கு இருந்தது, பச்சியப்பனுடையதைப் போலவே தொண்ணூற்றேழு. வந்து ஒரு தடவை ஓட்டிப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று போன் செய்தான்.

பச்சியப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார்.

எஞ்சின் நன்றாகத்தான் இருந்தது. ஊருக்கு வெளியே ஒரு கரட்டு மேட்டில் ஏற்றி, 'லோ'வில் போட்டு இறக்கினார். பாதி இறக்கத்தில் அவருடைய முழங்கால் தானாகப் போய்க் கம்பியில் முட்டியது. முட்டிய இடத்தில் கம்பி திமிறுவதை உணர்ந்தார். அவருடைய வண்டியைவிட இது அதிகமாகத் திமிறியது. பக்கத்தில் அமல்தாஸ் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் விற்கிறவரும் தரகரும் உட்கார்ந்திருந்தார்கள்.

சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவும் திறந்தார். ஆனால் குரூப்பின் உச்சியில் குத்தி வைத்திருக்கும் எழுத்து நினைவுக்கு வந்தது. இது குறை என்றால் தன் வண்டியிலும் குறை. இருபத்தாறு வருடம் என்னத்தைக் கண்டீர்கள் என்று நூற்றெண்பது பேரில் யாராவது ஒருவன் கேட்பான். "வண்டி நல்லா இருக்குது, கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக்கோ" என்றார்.

அன்று அமல்தாஸ் அவரை ஓட்டலுக்குக் கூட்டிப்போய்ப் பிரியாணி வாங்கிக் கொடுத்தான். மனைவி சுபா மாசமாக இருப்பதையும், பிள்ளை பிறக்கும்போது கையில் நிலையான ஓட்டம் இருக்கவேண்டும் என்பதையும் சொன்னான். வீட்டுக்குப் போய் போனில் சொல்லிவிடலாம், முழங்காலை வைத்துக்கொள் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைத்துக்கொண்டே பச்சியப்பன் கை கழுவினார்.

ஆனி கடைசியில் அமல்தாஸே போன் செய்தான். ஊர் வண்டி தனக்கே கிடைத்துவிட்டதாம். இவ்வளவு பழைய வண்டியா என்று ஊரில் தயங்கினார்களாம். "உங்க எழுத்தைத்தாங்க சார் படிச்சுக் காட்டுனேன். அதுக்கப்புறம் யாரும் மூச்சு வுடலை."

அதற்குப் பிறகு பச்சியப்பனால் சொல்ல முடியவில்லை.

விபத்து புரட்டாசி மாதம் முதல் வாரம் நடந்தது. மழை பெய்து பாதை வழுக்கலாகக் கிடந்த காலை. நாற்பது பெட்டி தக்காளியும் நான்கு பேரும் வண்டியில் இருந்தார்கள். மலையிலிருந்து இரண்டாவது வளைவில் வண்டி திடீரென்று ஓட்டம் பிடித்தது. பிரேக்கை மிதித்தால் சக்கரம் சறுக்கியது. இடது பக்கம் பள்ளம். அமல்தாஸ் வலது பக்கத்து மண் மேட்டில் வண்டியை வேண்டுமென்றே கொண்டுபோய் மோதினான். யாரும் சாகவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த குள்ளம்மாள் என்ற ஐம்பது வயதுப் பெண்ணுக்குத் தோள்பட்டைக் காறை எலும்பு முறிந்தது. தக்காளியெல்லாம் பள்ளத்தில் போயிற்று.

செய்தியை அமல்தாஸ்தான் சொன்னான். பென்னாகரத்து மெக்கானிக் மேலே ஏறி வந்து பார்த்தானாம். எஞ்சின், ஸ்டியரிங், பிரேக் எல்லாம் சரியாக இருக்கிறது, குட்டிக் கம்பி மட்டும் நியூட்ரலில் நிற்கிறது என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். டீசலை மிச்சம் பிடிக்க அமல்தாஸ்தான் வண்டியை நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வந்திருக்கிறான் என்று ஊர் முழுக்கப் பேச்சு. செவ்வாய்க்கிழமை கூட்டம். ஊர் வண்டி என்ற பெயர் போனால் பக்கத்து மலையூர்க்காரர்களும் அவனைச் சேர்க்க மாட்டார்கள். சார் ஒருமுறை வந்து தனக்காக ஒரு வார்த்தை சொல்லவேண்டும்.

"நான் லோவுலதாங்க சார் போட்டேன்," என்றான் அமல்தாஸ். கொஞ்சம் பொறுத்து, "போட்டேன்னுதான் நெனைச்சேன்" என்றான்.

போனை வைத்தபோது அவருடைய மனைவி நிர்மலா பக்கத்தில் நின்றிருந்தாள். இருபத்தாறு வருடம் அந்த வண்டியில் இடது பக்கம் உட்கார்ந்து வந்தவள்.

"அந்தக் கம்பி சமாச்சாரத்தை அந்தப் பையன்கிட்டச் சொன்னீங்கதானே?" என்று கேட்டாள்.

அவர் சட்டைப் பையில் எதையோ தேடினார். அவள் உள்ளே போய்விட்டாள். அன்று முழுக்கச் சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை தன் ஜீப்பிலேயே பாறைக்கொம்புக்குப் போனார். ஏறும் வழியில், விபத்து நடந்த வளைவில் மண் மேடு பெயர்ந்து கிடந்தது. எதிர்ப் பக்கத்துப் பள்ளத்தில் தக்காளி அழுகிச் சிவப்பாகப் படிந்திருந்தது. வண்டியை நிறுத்தாமல் கடந்தார். அமல்தாஸுக்காக என்ன சொல்வது என்று வழி நெடுக வரிசைப்படுத்திக்கொண்டே வந்தார். முதலாவது மழை. இரண்டாவது பாதையின் நிலை. மூன்றாவது பாரம். இந்த மூன்றையும் சொன்னால் பையனும் தப்பித்துக்கொள்வான், தானும் எதுவும் சொல்லவேண்டியதில்லை.

பள்ளிக்கூடத்து முன்னால் ஐம்பது அறுபது பேர் கூடியிருந்தார்கள். ஊருக்குப் பெரியவர் மாதையன் நாற்காலியில் இருந்தார். பச்சியப்பனைக் கண்டதும் எழுந்து, இன்னொரு நாற்காலி கொண்டுவரச் சொல்லி உட்கார வைத்தார். அமல்தாஸ் நின்றுகொண்டிருந்தான். குள்ளம்மாள் கையை மடித்துக் கழுத்தோடு கட்டிய துணியுடன் முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

பச்சியப்பன் எழுந்து மழையைச் சொன்னார், பாதையைச் சொன்னார், பாரத்தைச் சொன்னார். மாதையன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, மழையும் பாதையும் தங்களுக்குப் புதிதில்லை, இதைவிட மழையில் இதைவிடப் பாரத்தோடு முந்தைய ஊர் வண்டி பத்து வருடம் இறங்கியிருக்கிறது என்றார். கல்லூரியில் படிக்கும் தன் மகள் தேவிப்பிரியாவைப் பார்த்து, அதைப் படி கண்ணு என்றார்.

அந்தப் பெண் போனை எடுத்துப் படித்தாள். முதலில் எஞ்சின், பிறகு சேஸிஸ். தன்னுடைய எழுத்து என்று பச்சியப்பனுக்கு நாலாவது வரியில்தான் உறைத்தது. ஆனியில் அமல்தாஸ் காட்டியதை அவள் வாங்கி வைத்திருக்கிறாள். கணீரென்று, நிறுத்தி நிறுத்திப் படித்தாள். 'இருபத்தாறு வருட அனுபவம். ஒரு குறையும் இல்லை. எழுதியே கொடுக்கிறேன்.'

"செக்ரட்டரி பொய் எழுத மாட்டாருங்க," என்றார் மாதையன் கூட்டத்தைப் பார்த்து. "நெறைய வண்டி பாத்தவரு. வண்டியில குறையில்லைன்னா குறை எங்க இருக்குது? ஓட்டுனவன்கிட்டத்தான இருக்கோணும்?"

கூட்டத்தில் இருந்து ஒருவன், அரை லிட்டர் டீசலுக்கு ஆசைப்பட்டு நாலு உசுரை உருட்டிவிடப் பார்த்தானே என்றான். சிலர் சிரித்தார்கள். இன்னொருவன், இனிமேல் எண்ணெயே இல்லாமல் ஓடுகிற வண்டியாகப் பார்த்து வாங்கு, மாட்டு வண்டி இருக்குது என்றான். அமல்தாஸ் தலையைத் தூக்கவில்லை. பச்சியப்பன் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். பிளாஸ்டிக் வியர்வையில் வழுக்கியது. தன்னை மட்டும் நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்களே என்பதே அவருக்குத் தாங்கவில்லை.

அமல்தாஸ் பேசினான். சிரிப்புச் சத்தத்தில் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் சும்மா இருங்க என்றார்கள்.

"சார் மேலயும் தப்பில்லீங்க, வண்டி மேலயும் தப்பில்லீங்க. நான்தான் கம்பியைச் சரியாப் போடலைன்னு நெனைக்கிறேன். டீசலுக்காக இல்லீங்க. எம் பிள்ளை மேல சத்தியமா இல்லீங்க. ஆனா தப்பு என்னுதுதான்."

பச்சியப்பன் எழுந்தார். இந்தப் பையன் செய்யாத தப்பைத் தானாகவே ஒப்புக்கொள்கிறான். இன்னும் இரண்டு நிமிடம் சும்மா இருந்தால் கூட்டம் முடிந்துவிடும், யாருக்கும் எதுவும் தெரியாது. அந்த இரண்டு நிமிடத்தைத் தான் ஆசையோடு கணக்குப் போட்டுப் பார்த்ததை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது.

"அவன் சரியாத்தான் போட்டிருப்பான்," என்றார். "அந்தக் கம்பி நழுவும். பழைய வண்டி எல்லாத்துலயும் நழுவும். என் வண்டியிலயும் நழுவுது."

மாதையன் புரியாமல் தேவிப்பிரியாவின் போனைப் பார்த்தார். "இதுல அப்படி எழுதலீங்களே?"

"எழுதலை."

"மறந்துட்டீங்களா?"

பெரியவர் நல்ல மனதோடுதான் அந்த வாசலைத் திறந்துவிட்டார். ஆமாம், வயதாகிவிட்டது, மறந்துவிட்டேன் என்று சொல்லி அதன் வழியாக வெளியே வந்துவிடலாம். எல்லோரும் அவருடைய முகத்தைப் பார்த்தார்கள். அமல்தாஸும் இப்போதுதான் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

"மறக்கலை," என்றார். "எழுதுனா என் வண்டியும் குறையுள்ள வண்டின்னு ஆகிடும்னு எழுதலை."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். வரிசையாகச் சொல்ல வரவில்லை. முழங்காலைச் சொன்னார், ஸ்பிரிங்கைச் சொன்னார், கம்பைநல்லூரைச் சொல்லிவிட்டு மறுபடி முழங்காலுக்கு வந்தார். எங்கோ ஒரு கைக்குழந்தை அழுதது, அதன் தாய் எழுந்து அந்தப் பக்கம் போனாள்.

குள்ளம்மாள் தரையில் இருந்தபடியே கேட்டாள். "கம்பைநல்லூருல ஓட்டிப் பாத்தன்னைக்கே உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியுமும்மா."

"ரெண்டு மாசமா இந்தத் தம்பி எங்களை வெச்சு எறக்கிக்கிட்டுத்தான் இருந்துச்சு. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களையும் எறக்குச்சு." அவள் குரலில் கோபம் இல்லை. கேட்டு முடித்ததும் கட்டுப்போட்ட கையை மடியில் சரிசெய்து வைத்துக்கொண்டாள். பச்சியப்பன் அவளிடம் மன்னிப்புக் கேட்க நினைத்துக் கும்பிட்டார். அவள் பதிலுக்குக் கும்பிட ஒரு கைதான் இருந்தது. அதையும் தூக்கவில்லை.

கூட்டம் அதிக நேரம் நீடிக்கவில்லை. ஸ்பிரிங்கை மாற்றி, மெக்கானிக்கை வைத்து ஊருக்கு முன்னால் இறக்கிக் காட்டிவிட்டு அமல்தாஸே ஓட்டட்டும் என்று முடிவாயிற்று. மாட்டு வண்டி வாங்கச் சொன்னவன் போய் அமல்தாஸின் தோளைத் தொட்டான். பச்சியப்பனை யாரும் திட்டவில்லை. நாற்காலியை எடுக்க வந்த பெண், எழுந்து நிற்கிறாரா என்று பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

அவர் அமல்தாஸிடம் போய், ஸ்பிரிங் வேலையைத் தானே கூட இருந்து முடித்துத் தருவதாகச் சொன்னார்.

"நான் பாத்துக்கறேங்க சார்," என்றான் அவன். இன்னமும் சார்தான். அதில் ஒரு மாற்றமும் இல்லாததுதான் அவருக்கு அதிகமாக வலித்தது. நடக்கத் தொடங்கியவன் நின்று திரும்பினான். "அந்தக் குரூப்புல எழுதிடுங்க சார். இன்னொருத்தன் அதைப் படிச்சுட்டுத்தான் வாங்குவான்."

குள்ளம்மாளுக்குப் பன்னிரண்டு மணி பஸ்ஸில் தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியிருந்தது. ஊர் வண்டி கிடையாது. பச்சியப்பன் தன் ஜீப்பின் கதவைத் திறந்துகொண்டு நின்றார். அடிவாரம் வரை கொண்டுபோய் விடுகிறேன், பத்துக் கிலோமீட்டர் வேகத்தில்தான் போவேன் என்றார். அவள் ஜீப்பைப் பார்த்தாள். உள்ளே குனிந்து அந்தக் குட்டிக் கம்பியையும் பார்த்தாள்.

"வேண்டாமுங்க. நடந்தே போய்க்கறேன். குறுக்கு வழி இருக்குது."

ஒரு பையை நல்ல தோளில் மாட்டிக்கொண்டு போனாள். அவர் அரைமணி நேரம் காத்திருந்துவிட்டுக் கிளம்பினார். ஆனாலும் இரண்டாவது வளைவுக்கு வந்தபோது, குறுக்கு வழி பாதையைத் தொடுகிற இடத்தில் அவள் முன்னால் நடந்துகொண்டிருந்தாள். வண்டிச் சத்தம் கேட்டதும் வழுக்கும் மண்ணில் கவனமாக ஓரம் ஒதுங்கி, வழி விட்டு நின்றாள். கட்டுப்போட்ட கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு நின்றாள்.

பச்சியப்பனால் அவளைக் கடந்து போக முடியவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, எஞ்சினை அணைத்தார். அவள் சிறிது நேரம் பார்த்தாள். வண்டி வராது என்று தெரிந்ததும் மறுபடி நடந்தாள்.

அந்த வளைவில் சிக்னல் வரும். போனை எடுத்துக் குரூப்பைத் திறந்தார். வழக்கமான வரிசை இல்லாமல் எழுதினார். 'நான் முன்பு எழுதியது தவறு. லோவில் போட்ட கம்பி இறக்கத்தில் நழுவும். என் வண்டியில் பதினைந்து வருடமாக நழுவுகிறது. தெரிந்தே மறைத்தேன். அதை நம்பி வண்டி வாங்கிய அமல்தாஸ் விபத்தில் மாட்டினான். அவன் மேல் தப்பில்லை. மேலே உள்ள என் செய்தியை எடுத்துவிடவும்.'

அனுப்பிய கையோடு பதில்கள் வர ஆரம்பித்தன. எனக்கும் நழுவும் என்றார் ஒருவர். நான் செருப்பைச் சொருகிக்கொள்வேன் என்றார் இன்னொருவர், சிரிப்புப் பொம்மையோடு. கிருஷ்ணகிரிக்காரர் ஒருவர் கடுப்பாக எழுதியிருந்தார். எல்லா வண்டியிலும் இருக்கிறதுதானே செக்ரட்டரி, இதையெல்லாம் எழுதினால் நாளைக்கு எவன் நம் வண்டியை வாங்குவான் என்று. அதற்கு எட்டுப் பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். கடைசியில் யாரோ, அது சரி, யாருக்கும் அடி இல்லையே என்று கேட்டிருந்தார்.

பச்சியப்பன் தலையைத் தூக்கிப் பார்த்தார். குள்ளம்மாள் மூன்றாவது வளைவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு இளைப்பாறிக்கொண்டிருந்தாள்.

'ஒரு அம்மாவுக்குத் தோள் எலும்பு முறிந்துவிட்டது,' என்று எழுதினார். 'என் வண்டியில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் நடந்து போய்க்கொண்டிருக்கிறார். நான் வண்டியில் உட்கார்ந்திருக்கிறேன்.'